நான்காம் பிரிவும் முந்நூறு பேகல்களும்

எங்கள் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்துக்குத் தங்கம் பூசியிருக்கிறார்கள். அது மேலே. மசோதா எழுதும் அலுவலகம் தரைக்குக் கீழே, கொதிகலன் அறைக்குப் பக்கத்தில். இருபத்திரண்டு வருடமாக எனக்கு அங்கேதான் நாற்காலி. செனட்டர்கள் மாடியில் கனவு காண்பார்கள். கனவு படியிறங்கி என் மேசைக்கு வரும். நான் அதற்கு ஒரு வினைமுற்று சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். எனக்குக் கட்சி கிடையாது, கருத்தும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்று அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

செனட்டர் ப்ரெஸ்காட் ஹாலோவெல் ஜனவரி மாதம் என்னைத் தேடி வந்தார். ஆறடி உயரம், வெள்ளி முடி, நாணயத்தில் அச்சடிக்கத் தோதான பக்கவாட்டு முகம். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாலும், கேட்ட விதத்துக்கு யாராவது கைதட்டுகிறார்களா என்று ஒரு முறை சுற்றிப் பார்ப்பார்.

“பென்னோ, நம்ம மாநிலக் கல்லூரிகள்ல யூத வெறுப்பு தலைவிரிச்சு ஆடுது. இதுக்கு ஒரு முடிவு கட்டணும். சட்டம் வேணும். இடி மாதிரி இறங்கணும்!”

“இறங்கட்டும், செனட்டர். சட்டத்துல என்ன சொல்லணும்?”

“அதான் சொன்னேனே, இடி மாதிரின்னு.”

“கல்லூரி என்ன செய்யணும்னு சொல்லணுமே?”

“அந்தச் சில்லறை விவரமெல்லாம் நீங்க பார்த்துக்குங்க. முன்னுரையை நானே எழுதிட்டேன்.”

முன்னுரை இருபத்து மூன்று பத்தி. முதல் பத்தியில் எகிப்தில் பார்வோன் இருந்தான். ஒன்பதாவது பத்தியில் ரோமாபுரி எரிந்தது. பதினான்காவது பத்தியிலிருந்து செனட்டர் ஹாலோவெல்லின் கொள்ளுத்தாத்தா வந்தார். அவர் ஒரு யூத வியாபாரியிடம் குதிரை வாங்கியவராம். முன்னுரைப் பத்திகளுக்கு ஒரு சிறப்பு உண்டு: அவை யாரையும் எதையும் செய்யச் சொல்லாது. கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று போடுகிறோமே, அந்த மாதிரி. போடாவிட்டாலும் கல்யாணம் நடக்கும்.

நான் யூதன். என்னை வெறுக்கிறவர்களைச் சமாளிப்பதற்கு எங்கள் குடும்பத்தில் பல தலைமுறைப் பழக்கம் இருக்கிறது. என்னை நேசிப்பதாக மேடையேறுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கொஞ்சம் உதறல். ஆனால் அவர் சொன்ன விஷயத்தில் பொய் இல்லை. கல்லூரிகளில் நடப்பது நடந்துகொண்டுதான் இருந்தது.

“ஒரு முகம்கூடப் பார்த்து வெச்சிருக்கேன்,” என்றார் போகும்போது. “பாதிக்கப்பட்ட பொண்ணு. நம்ம தொகுதிதான். நாளைக்கு அனுப்புறேன், பேசிப் பாருங்க. முகம் இல்லாத சட்டம் பேப்பர்ல வராது.”

மறுநாள் வந்த முகத்துக்கு அவிவா ருட்னிக் என்று பெயர் இருந்தது. வெதர்பி மாநிலக் கல்லூரியில் நிலவியல் மூன்றாம் ஆண்டு. முதுகுப் பையிலிருந்து முதலில் ஒரு சுத்தியலை எடுத்து என் மேசையில் வைத்தாள். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

“பயப்படாதீங்க, மிஸ்டர் கிராவிட்ஸ். பாறை உடைக்கிறது. கோப்பு இதுக்கு அடியில மாட்டிக்கிச்சு,” என்று சொல்லிவிட்டு அதற்குக் கீழே இருந்த கோப்பை எடுத்தாள்.

பாறை அடுக்குகளைப் போலத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். விடுதியில் அவள் அறை எண் 312. கதவு நிலையில் மெசூஸா வைத்திருந்தாள். எங்கள் வீட்டு வாசல்களில் ஆணியடித்து வைப்போமே, வேத வரிகள் எழுதிய தோல்சுருள் உள்ளே இருக்கும் விரல் நீளப் பேழை, அதுதான். அதை யாரோ பிடுங்கி எறிந்தார்கள். அவள் மறுபடி வைத்தாள். மறுபடி பிடுங்கினார்கள். மூன்றாம் முறை பிடுங்கிய இடத்தில் கறுப்பு மையால் ஒரு ஸ்வஸ்திகாவை வரைந்து வைத்தார்கள். நாஜிகளுடையது. அன்றைக்கு அவள் கல்லூரிக்குப் புகார் எழுதினாள். அது போன வருடம் பிப்ரவரி.

“பதில்?”

“நிறைய வந்துச்சு. ஆனா பதில் எதுவும் வரல.”

கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

“எனக்கு யார் இரக்கமும் வேணாம், மிஸ்டர் கிராவிட்ஸ். செனட்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு பத்து நிமிஷம் கண் கலங்கினார். என் கைதான் மரத்துப்போச்சு. யார் செஞ்சாங்க, நீங்க என்ன செஞ்சீங்க, இந்த ரெண்டு கேள்விக்கு ஒரு மனுஷர் பதில் சொல்லணும். மே முப்பத்தொண்ணுக்குள்ள.”

“அது என்ன மே முப்பத்தொண்ணு?”

கல்லூரியின் விதிமுறைப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். இரண்டு கல்வியாண்டுக்குள் முடிவு காணப்படாத புகார், முடிவு காணப்பட்டதாகவே கருதப்படும்.

இரண்டு முறை படித்தேன். தொழில்காரன் என்ற முறையில் தொப்பியைக் கழற்றத் தோன்றியது. இதை எழுதியவன் என்னைவிடக் கெட்டிக்காரன். எதையும் செய்யாமலிருந்தால் எல்லாவற்றையும் செய்துவிட்டதாக ஆகிவிடும். முனிவர்களுக்கே இப்படி ஒரு வரம் கிடைத்ததில்லை.

அன்று மாலை நான்காம் பிரிவை எழுதினேன். நான்கே வாக்கியம். புகார் கிடைத்த முப்பது நாளுக்குள் கல்லூரி எழுத்தில் பதில் தர வேண்டும். என்ன விசாரித்தது, என்ன கண்டது, என்ன செய்தது என்பது அதில் இருக்க வேண்டும். ஒரு தனி மனிதர் தம் பெயரில் அதற்குக் கையெழுத்திட வேண்டும். நிலுவையில் உள்ள புகார்களுக்கும் இது பொருந்தும். கூடவே ஆறாம் பிரிவையும் சேர்த்தேன்: மிரட்டல், சேதம், விலக்கிவைத்தல் ஆகிய செயல்களுக்குத்தான் இந்தச் சட்டம், எந்த நாட்டு அரசைப் பற்றியும் எவரும் சொல்லும் கருத்துக்கு அல்ல. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே அந்தக் கருத்துகள் மூன்று விதமாக இருக்கும்; அதையெல்லாம் குற்றமாக்கினால் முதலில் என் மைத்துனனைத்தான் பிடிக்க வேண்டும்.

மசோதா மளமளவென்று போனது. இதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மார்ச் கடைசியில் வார்ட் பெல்லிங்கர் என் அறைக்கு இறங்கி வந்தார். கல்லூரிகளின் கூட்டமைப்பு தன் காரியங்களுக்காகச் சட்டமன்றத்தில் நிறுத்தி வைத்திருக்கும் ஆள். குரலில் எப்போதும் வெண்ணெய்.

“அருமையான மசோதா, பென்னோ. ஒவ்வொரு பத்தியும் கண்ணுல ஒத்திக்கலாம். பார்வோன் வர்ற இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சுன்னா பாருங்களேன்.”

“நன்றி. பார்வோனை எழுதினது நான் இல்ல, செனட்டர்தான்.”

“ஒரே ஒரு சின்னத் திருத்தம். நான்காம் பிரிவு இருக்கு பாருங்க, அது மட்டும் கொஞ்சம் நெருடுது. எடுத்துட்டா மசோதா இன்னும் லட்சணமா இருக்கும்.”

“பல்லைப் பிடுங்கிட்டா சிரிப்பு லட்சணமா இருக்கும்னு சொல்றீங்க.”

பெல்லிங்கர் சிரித்தார். அவருடைய பற்கள் எல்லாம் இருந்தன. “செனட்டர் ஹாலோவெல் ஒத்துக்கிட்டார். குழுவுல ஒன்பது பேர்ல அஞ்சு பேர் எங்க பக்கம்.” வெதர்பி கல்லூரியில் ‘ஹாலோவெல் நல்லிணக்க மையம்’ ஒன்று திறக்கப் போகிறார்களாம்; வாசலில் செனட்டரின் மார்பளவு சிலை. அதையும் அவரே சொன்னார்.

திருத்தத்தை எழுதிக் கொடுத்தேன். கேட்டதை எழுதுவதுதான் என் வேலை. பிறகு அவிவாவுக்குப் போன் போட்டேன். திருத்தம் பொது ஆவணம். யார் கேட்டாலும் சொல்லலாம். அவள் கேட்கவில்லை, நான் சொன்னேன்.

“அப்போ மே முப்பத்தொண்ணோட என் புகார் செத்துடும்,” என்றாள். “சட்டத்துக்கு மட்டும் விழா எடுப்பாங்க.”

“குழு விசாரணை புதன்கிழமை. வந்து பேசு. ரெண்டு நிமிஷம் தருவாங்க.”

“ரெண்டு நிமிஷத்துல நான் என்ன பேசுறது?”

“நீ எதுக்குப் பேசணும்? அவங்களையே பேச விடு.”

புரிந்துகொண்டாள். கெட்டிக்காரப் பெண்.

விசாரணைத் தேதியைக் குறித்தவர்கள் இரண்டு நாள்காட்டிகளைப் பார்த்துத்தான் குறித்தார்கள். ஈஸ்டர் விடுமுறையோடு மோதவில்லை. ஏரியில் மீன்பிடிப் பருவம் தொடங்கும் நாளோடும் மோதவில்லை. யூத வெறுப்பு எதிர்ப்பு மசோதாவின் விசாரணைக்கு யூதர்களின் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அந்தப் புதன், பார்வோனின் எகிப்திலிருந்து எங்கள் முன்னோர் செங்கடல் தாண்டித் தப்பியதைக் கொண்டாடும் பஸ்காப் பண்டிகையின் நான்காம் நாளில் விழுந்தது. பயணம் செய்யலாம், கூட்டத்துக்கு வரலாம், தவறில்லை. ஆனால் பண்டிகை முடியும்வரை புளித்த மாவைத் தொட மாட்டோம். வீட்டில் ஒரு ரொட்டித் துணுக்குகூட இருக்கக் கூடாது என்று மெத்தையை உதறித் தேடுகிற சாதி நாங்கள். தின்பது புளிக்காத மாவில் சுட்ட வறட்டு மாட்ஸா மட்டும். அட்டைப் பெட்டியைச் சுட்டு உப்புப் போட மறந்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும்.

புதன் காலை பத்தரை மணிக்கு, 214ஆம் எண் கூட்ட அறைக்குப் பக்கத்து அறையில், செனட்டர் ஹாலோவெல் முந்நூறு பேகல்களை, அதாவது புளித்த மாவில் சுட்ட எங்கள் வளைய ரொட்டிகளை, இறக்கிக்கொண்டிருந்தார்.

எள்ளு பேகல், கசகசா பேகல், வெங்காய பேகல். புகையூட்டிய சால்மன் மீன், ஆறு விதப் பாலாடைக்கட்டி, வாட்டிக் கொடுக்க இரண்டு மின் அடுப்புகள். பேனரில்: ‘எங்கள் யூத நண்பர்களுக்கு, அன்புடன், ஹாலோவெல்.’ விரதக்காரன் வாசலில் பிரியாணி அண்டாவை இறக்கியது போல இருந்தது.

“பென்னோ!” என்று என் தோளைப் பிடித்தார். “எப்படி? உங்க ஆளுங்களுக்குப் பிடிக்கும்ல?”

இருபத்திரண்டு வருடத்தில் எந்தச் செனட்டரிடமும் நான் பொய் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

“பேகல்னா உயிரையே விடுவாங்க, செனட்டர்.”

“தெரியும்! இதுக்குத்தான் மக்களோட பண்பாட்டைப் படிக்கணும்கிறது.”

அவரிடம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்கூட. அதற்குள் அவர் பேனருக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளப் போய்விட்டார். படம் எடுத்துக்கொள்ளும் மனிதரைத் தொந்தரவு செய்வது நாகரிகமா?

பதினொன்றரைக்கு விசாரணை தொடங்கியது. குழுவின் தலைவர் செனட்டர் இங்கபோர்க் ஸ்டென்ருட். நூற்று நாற்பது மாடு வைத்துப் பால் பண்ணை நடத்துகிற அம்மாள். காலை நாலு மணிக்கே எழுந்து பழகியவருக்கு, பதினொன்றரை மணிக்குப் பொறுமை ஏறக்குறைய தீர்ந்திருக்கும். நான்காம் பிரிவைப் பற்றி அவர் இதுவரை வாயே திறக்கவில்லை. பெல்லிங்கர் பக்கம் ஐந்து, எதிர்த்து மூன்று, ஸ்டென்ருட் அம்மாள் எந்தப் பக்கமும் இல்லை. ஒரு மணிக்குப் பேரவை மணி அடித்தால் குழு கலைந்துவிட வேண்டும். குழு மசோதாக்களை அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

சாட்சி சொல்லப் பெயர் கொடுத்திருந்தவர்கள் நாற்பத்தொரு பேர். பெரும்பாலும் எங்கள் ஆட்கள், மாநிலத்தின் நாலா மூலையிலிருந்தும் வந்தவர்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். பெல்லிங்கர் விரல் விட்டுக் கணக்குப் போட்டதை நான் பார்த்தேன்: பன்னிரண்டே முக்காலுக்கு முன்னால் வாக்கெடுப்பு வராது.

ஹாலோவெல் தொடங்கினார். “தலைவரம்மா அவர்களே, பார்வோனின் காலத்திலிருந்தே...”

“செனட்டர், பார்வோன்ல இருந்து நேத்து வரைக்கும் வர எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு இருபது நிமிஷம், தலைவரம்மா.”

“அஞ்சு நிமிஷம். செங்கடலைக் கொஞ்சம் வேகமாத் தாண்டுங்க.”

அடுத்து வந்தவர் பேராசிரியர் எலியட் த்ரோன். எதிர்த்துப் பேசப் பதிந்திருந்தவர். கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிக் கனமான ஓர் உரையைக் கையில் வைத்திருந்தார். உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: “தலைவரம்மா, வரிசையில நிக்கும்போது பொழுது போகாம மசோதாவைப் படிச்சேன்.”

அறையில் ஒரு சலசலப்பு. இந்தக் கட்டடத்தில் அப்படி எவரும் செய்ததாக நினைவில்லை.

“ஆறாம் பிரிவுல, கருத்தைத் தண்டிக்கிறதில்லன்னு தெளிவா இருக்கு. செயலைத்தான் தண்டிக்குது. நான் எதிர்க்க வந்தது இதை இல்ல, வேற எதையோ. ஆதரிக்கிறேன். ஆனா ஒண்ணு. நான்காம் பிரிவை எடுத்தா இதுல மிச்சம் இருக்கிறது பார்வோன் மட்டும்தான்.”

ஆறாம் பிரிவை நான் பலமுறை அடித்து எழுதியிருந்தேன். கீழே குனிந்து பென்சிலைத் தேடுவது போல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து அறையில் மின் அடுப்பைப் போட்டார்கள். வாட்டிய எள்ளின் வாசனையும் வெங்காய வாசனையும் கதவு இடுக்கு வழியாக மெல்ல உள்ளே வந்தன. வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களின் மூக்குகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. நான்கு நாள் அட்டை தின்ற மூக்குகள். யாரும் எழவில்லை. ஹாலோவெல்தான் எழுந்தார், விருந்து கொடுப்பவர் இல்லாமல் விருந்து எப்படி? அவர் பின்னால் ஒரு செனட்டர் நழுவினார். பிறகு இன்னொருவர். “இதோ வந்துடறேன்” என்று விரலைக் காட்டிவிட்டு மூன்றாமவர். நால்வரும் பெல்லிங்கரின் ஐவரில் சேர்ந்தவர்கள். தங்கள் பக்கம் ஜெயிக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் விசாரணையில் பசிக்கும். ஐந்தாமவர் செனட்டர் ஃப்ளூகர் மட்டும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கோதுமை அவருக்கு ஆகாது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு பெல்லிங்கரும் கிளம்பினார்.

“அவிவா ருட்னிக்,” என்று எழுத்தர் கூப்பிட்டார்.

மேசையில் மூன்று விளக்கு. பச்சை எரிந்தது. அவள் வணக்கம் சொன்னாள். தன் கதவுக்கு நடந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். பிறகு கோப்பைத் திறந்தாள்.

“இனி நான் பேசல. கல்லூரி எனக்கு அனுப்பின பதினோரு கடிதம் இருக்கு. அதுதான் பேசப் போகுது. ஒண்ணு: உங்கள் புகார் கிடைத்தது. இதை நாங்கள் மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம். ரெண்டு: புகாரை விடுதி அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளோம். தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம். மூணு: கதவுகள் பராமரிப்புத் துறையின் கீழ் வருபவை. அங்கே அனுப்பியுள்ளோம். நாலு: தங்கள் கதவுக்கு வண்ணம் பூசப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

யாரோ சிரித்தார்கள். ஸ்டென்ருட் அம்மாள் சிரிக்கவில்லை.

“அஞ்சு: நட்சத்திரம் தர மறந்துவிட்டீர்கள். ஆறு: உங்கள் பாதுகாப்புக்காக, உங்களை அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுகிறோம்.” தலை நிமிர்ந்தாள். “பிடுங்கினது யாரோ, அவங்க மூணாவது மாடியிலயே இருக்காங்க. அங்க நல்ல வெளிச்சம்.”

மஞ்சள் விளக்கு எரிந்தது.

“ஏழு: எங்கள் அலுவலகம் பெயர் மாற்றப்பட்டுள்ளது. தயவுசெய்து மீண்டும் புகார் அளிக்கவும். எட்டு: இதே புகார் ஏற்கெனவே அளிக்கப்பட்டுள்ளதால் ஏற்க இயலாது. ஒன்பது: தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம். பத்து: மிகத் தீவிரமாக. பதினொண்ணு: இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம்.”

சிவப்பு விளக்கு எரிந்தது.

“பதினோரு கடிதம். ஒண்ணுலயும் ஒரு மனுஷன் பேரு இல்ல. நான்காம் பிரிவு கேக்குறது அது ஒண்ணுதான், தலைவரம்மா. பேரு.”

எழுந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை.

அடுத்த ஆள் ஹெர்ஷல் ப்ளாட்கின். வடக்கு மாவட்டத்தில் இரும்புக் கடை வைத்திருப்பவர். நாற்காலியை நிறைக்கிற உடம்பு. கையிலிருந்த நாலு பக்கத்தைப் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்தார்.

“ஹெர்ஷல் ப்ளாட்கின். விடிகாலையில கிளம்பி வந்தேன். அந்தப் பொண்ணு சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. நான்காம் பிரிவோட ஆதரிக்கிறேன். அப்புறம், தலைவரம்மா, நாலு நாளா மாட்ஸா தின்னுக்கிட்டிருக்கேன். பக்கத்து ரூம்ல எவனோ வெங்காய பேகல் வாட்டுறான். இதை யூத வெறுப்புல சேர்க்கலாமா?”

கூட்டம் வெடித்தது. ஸ்டென்ருட் அம்மாளின் உதடும் ஓரத்தில் கொஞ்சம் ஆடியது. “குறிப்பில் சேருங்க,” என்றார் எழுத்தரிடம்.

அதோடு மடை திறந்துகொண்டது. “நவோமி ஷ்வார்ட்ஸ்மன். அவர் சொன்னதேதான், பசி உட்பட.” “ராபி யூரியல் காட்ஸ், யூதக் கோயில் குரு. நான்காம் பிரிவோட ஆதரிக்கிறேன். நான் சுருக்கமாப் பேசுறது இதுதான் முதல் தடவை, என் சபைக்காரங்க இங்க இருக்காங்க, பார்த்துக்கங்க.” பெயர், ஊர், நான்காம் பிரிவோடு, நகரு. பெயர், ஊர், நான்காம் பிரிவோடு, நகரு. வாழ்நாள் முழுக்க ஒரு வாக்கியத்தை ஒரு வாக்கியத்தில் முடிக்காத என் ஜனங்கள், ஆளுக்கு ஐந்து வினாடியில் முடித்துக்கொண்டு போனார்கள். செங்கடல் பிளந்ததைவிட இது பெரிய அதிசயம். மணி பன்னிரண்டு அடிக்குமுன் பட்டியல் காலி.

ஸ்டென்ருட் அம்மாள் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். நான்கு காலி நாற்காலி. பிறகு என்னைப் பார்த்தார். விதி பற்றிய கேள்வி வந்தால் பதில் சொல்வதற்காக மசோதா எழுதியவனை ஓரத்தில் உட்கார வைத்திருப்பார்கள். உண்மையில் எவரும் எதையும் கேட்டதில்லை.

“மிஸ்டர் கிராவிட்ஸ். சாட்சிகள் முடிஞ்சதும் என்ன செய்யணும்?”

“திருத்தத்தை வாக்குக்கு விடணும், தலைவரம்மா.”

“வெளிய போனவங்களுக்காகக் காத்திருக்கணுமா?”

“அஞ்சு பேர் இருந்தா போதும். அஞ்சு பேர் இருக்கீங்க.”

“வெளிய இருக்கிறவங்க ஓட்டு?”

“அறையில இல்லாதவருக்கு ஓட்டு இல்ல. விதி பன்னிரண்டு.”

கருத்தில்லாதவன் இருபத்திரண்டு வருடம் கழித்துச் சொன்ன மூன்று பதில். அத்தனையும் விதிப் புத்தகத்தில் உள்ளதுதான்.

தலைவரம்மாவின் சுத்தியல் மேசையில் இறங்கியது. “நான்காம் பிரிவை நீக்கும் திருத்தம். ஆதரிப்பவர்கள்?”

ஃப்ளூகர் ஒற்றைக் கையைத் தூக்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். கை பாதியில் தயங்கி நின்றது.

“எதிர்ப்பவர்கள்?”

மூன்று கை எழுந்தன. நான்காவது கை மெதுவாக எழுந்தது. பால் கறந்து கறந்து காய்த்துப்போன கை. “நட்சத்திரம் கேட்டானாம்,” என்று அந்த அம்மாள் தனக்குத்தானே முணுமுணுத்தது ஒலிவாங்கி வழியாக அறை முழுக்கக் கேட்டது. “ஒன்றுக்கு நான்கு. திருத்தம் தோற்றது.”

அப்போதுதான் பெல்லிங்கர் வாசலில் வந்து நின்றார். வாய் நிறைய சால்மன் பேகல். கண்கள் பிதுங்கின, கை ஆடியது, சத்தம் வரவில்லை. பேகலுக்கு இழுவை அதிகம். அவசரத்துக்கு விழுங்க முடியாது, நாகரிகத்துக்குத் துப்பவும் முடியாது. அவர் மென்று முடிப்பதற்குள் ஸ்டென்ருட் அம்மாள் மசோதாவை முழுதாக வாக்குக்கு விட்டிருந்தார்.

ஹாலோவெல் கழுத்துப்பட்டையில் பாலாடைக்கட்டியோடு ஓடி வந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. ஆனால் கேமராக்கள் திரும்பியிருந்தன. கேமரா திரும்பும் பக்கம் அவர் கை தானாக எழும். நழுவிய மூவரும் உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். யூத வெறுப்பை எதிர்க்கும் மசோதாவை, நாற்பது யூதர்கள் முன்னால், வாயில் பேகல் வாசனையோடு எதிர்த்து ஓட்டுப் போட எவனுக்குத் துணிச்சல் வரும்? ஒன்பதுக்கு ஒன்பது.

இப்போது கைதட்டினார்கள். ப்ளாட்கின் அவிவாவைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குத் தூக்கிவிட்டார். அவள் கோப்பு சிதறி, பதினோரு கடிதமும் 214ஆம் அறையெங்கும் பறந்தன. யாரும் பொறுக்கவில்லை.

“உங்க ஆளுங்க ஒருத்தர்கூடச் சாப்பிடலையே,” என்று ஹாலோவெல் என் காதில் கிசுகிசுத்தார், உண்மையான வருத்தத்தோடு. “இருநூற்று எண்பது மிச்சம்.”

அவருக்குச் சொன்னேன். பஸ்கா என்றால் என்ன, புளித்த மாவு என்றால் என்ன, எல்லாவற்றையும். முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. அந்த மனிதர் நாணயத்து முகத்தை இழந்து சாதாரண மனிதராக நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன், அப்படியொன்றும் மோசமில்லை.

“முன்னுரையில பஸ்கா பத்தியே ரெண்டு பத்தி எழுதினேன், பென்னோ.”

“தெரியும், செனட்டர். நான்தான் அச்சுக்கு அனுப்பினேன்.”

செனட் கடந்தது, கீழவை கடந்தது. மே பதினான்காம் தேதி ஆளுநர் கையெழுத்துப் போட்டார். முப்பத்தொன்றாம் தேதி வந்து போனது. அவிவாவின் புகார் சாகவில்லை. ஜூன் பதினோராம் தேதி, சட்டம் தந்த முப்பது நாள் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால், அவள் என் அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். கொதிகலன் சத்தத்தையும் மீறி அவள் கூவியது மேல்மாடி வரை கேட்டிருக்கும்.

“பன்னிரண்டாவது கடிதம், மிஸ்டர் கிராவிட்ஸ்!”

பிடுங்கியவர்கள் இரண்டு பேர். மூன்றாவது மாடி நடைக் கேமராவிலேயே பதிவாகியிருந்தார்கள். பதினாறு மாதமாக எவரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. இருவரும் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஓர் ஆண்டு இடைநீக்கம். அறை 312 திரும்ப அவளுக்கே. ‘இதை முன்பே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வருந்துகிறேன்.’ கீழே நீல மையில் கையெழுத்து: டோரத்தி ஆம்ஸ்பரி, துணை முதல்வர். தீவிரமாக என்ற சொல் எங்கேயும் இல்லை. அவிவா அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து, பாறையில் புதைபடிவம் கண்டவளைப் போல மெல்லத் தடவினாள்.

ஆகஸ்ட் கடைசியில் மெசூஸா வைக்கக் கூப்பிட்டாள். போனேன். ப்ளாட்கின் தன் கடையிலிருந்து ஒரு பெட்டி ஆணி கொண்டுவந்திருந்தார், தேவைப்பட்டது இரண்டு. கல்லூரி வாசலில் பெரிய பலகை: ‘மாநிலத்திலேயே முதன்முதலாகப் பெயரிட்டுப் பதில் தந்த வளாகம்.’ எதிர்த்தவனே முதல் மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்வது உலக வழக்கம். நல்லிணக்க மையத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சிலைக்கு அளவெடுத்ததோடு சரியாம்.

ஹாலோவெல்லும் வந்துவிட்டார், புகைப்படக்காரரோடு. மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி, தொண்டையைச் செருமினார். “அன்பர்களே, பார்வோனின்...”

“செனட்டர்,” என்றாள் அவிவா, வாயில் ஆணியைக் கடித்தபடி. “ரெண்டு நிமிஷம்.”

அவர் நிறுத்திக்கொண்டார். பாறை உடைக்கும் சுத்தியலால் அவள் நாலே அடி அடித்தாள். வண்ணம் பூசி மறைத்த மரத்தில் மெசூஸா சாய்வாக உட்கார்ந்தது. ஆசீர்வாதத்தை அவள் சொன்னாள். நாங்கள் ஆமென் சொன்னோம். ஹாலோவெல் எல்லோரையும்விடச் சத்தமாக, அரை நொடி தாமதமாகச் சொன்னார். எதிர் அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, “அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஹாலோவெல் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த காகிதப் பையை முன்னால் கொண்டுவந்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேகல் இருக்கும். வெங்காய வாசனை. பையை எல்லோருக்கும் நடுவில் வைத்துவிட்டு என்னை ஓரமாக இழுத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“பென்னோ, இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் விசேஷம் இல்லையே? விரதம், கிரதம்?”

“இல்ல, செனட்டர்.”

“நிச்சயமாவா?”

“நாள்காட்டி பார்த்துட்டுத்தான் வந்தேன்.”

ப்ளாட்கின் ஏற்கெனவே இரண்டாவதைக் கையில் எடுத்திருந்தார்.